பதினோராம் மணி எந்தக் கடிகாரத்தில்?

கேள்வி இதுதான். அலுவலக மின்னஞ்சலில் மேலாளர், 'டோன்ட் பிரிங் இட் டு மீ அட் தி இலெவன்த் அவர்' என்று எழுதியிருக்கிறார். அதென்ன பதினோராவது மணி? 'இன் தி நிக் ஆஃப் டைம்' என்பதும் இதுவும் ஒன்றுதானா? இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது?

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். காலை பதினோரு மணிக்கு அவர் அறைக்குள் நீங்கள் தாராளமாகப் போகலாம். 'கெடு முடியப் போகிற நேரத்தில் கொண்டுவந்து நீட்டாதே' என்பதுதான் அவர் சொன்னது. முன்கூட்டியே கொடு, பார்த்துத் திருத்த எனக்கு நேரம் வேண்டும் என்கிறார். அவ்வளவுதான்.

இந்தத் தொடரில் தடுக்கி விழுந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிது. செய்தி நிறுவனத்தின் ஆங்கிலத் தாளைத் தமிழாக்கிக் கொடுக்கிற வேலை. ஒரு வேலைநிறுத்தச் செய்தி வந்தது. 'இலெவன்த் அவர் டாக்ஸ்' தோல்வி என்று அதில் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. 'இரவு 11 மணிக்கு நடந்த பேச்சுவார்த்தை தோல்வியடைந்தது' என்று எழுதினேன். அச்சாகிவிட்டது. மறுநாள் காலையில் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் போன் செய்தார். "சார், நாங்க சாயங்காலம் ஆறு மணிக்கே எந்திரிச்சு வெளிய வந்துட்டோம். ராத்திரி பதினொரு மணிக்கு யார்கூடப் பேசினாங்க? எங்களுக்குத் தெரியாம வேற யாரையாவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார். சங்கத்துக்குள்ளேயே சந்தேகம் கிளம்பிவிட்டது போலிருக்கிறது.

எங்கள் மேசைக்குத் தலைமையாக இருந்தவர் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "தம்பி, அந்தப் பதினோரு மணிய எந்தக் கடிகாரத்துல பாத்தீரு?" என்றார். நான் விழித்தேன். மேசை இழுப்பறையிலிருந்து கறுப்பு அட்டை போட்ட வேதாகமத்தை எடுத்து, மத்தேயு 20ஆம் அதிகாரத்தைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அங்கே இருப்பது ஒரு கூலிக்கதை. திராட்சத் தோட்டத்துக்காரர் ஒருவர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். பிறகு மூன்றாம் மணி வேளையிலும், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும் போய் இன்னும் சிலரை அமர்த்துகிறார். கடைசியாகப் பதினோராம் மணி வேளையிலும் போகிறார். அப்போதும் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் கூலி கொடுக்கச் சொல்கிறார், கடைசியில் வந்தவனிலிருந்து தொடங்கி. அவனுக்கும் ஒரு பணம். விடியலிலிருந்து வேலை செய்தவனுக்கும் அதே ஒரு பணம்.

இந்த மணிகள் நம் சுவர்க் கடிகாரத்து மணிகள் அல்ல. சூரியன் கிளம்பியதிலிருந்து மறையும் வரையுள்ள பகலைப் பன்னிரண்டாகக் கூறுபோட்டு எண்ணிய மணிகள். மூன்றாம் மணி என்றால் நமக்குக் காலை 9. ஆறாம் மணி உச்சிப்பொழுது. ஒன்பதாம் மணி பிற்பகல் 3. பதினோராம் மணி என்றால் மாலை 5. இன்னும் ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும். வேலை முடிந்துவிடும்.

சாதகம் எழுதுகிற குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய சாதகங்களில் பிறந்த நேரத்தை 'உதயாதி நாழிகை' என்று குறித்திருப்பார்கள், அதாவது பொழுது புறப்பட்டதிலிருந்து எண்ணிய நாழிகை. அதே வழக்கம்தான். நாழிகைக்கு 24 நிமிடம். பகலுக்கு 30 நாழிகை என்று வைத்துக்கொண்டால், இருபத்தேழரை நாழிகை கழியும்போது பதினோராம் மணி, அதாவது நம் மாலை 5. இன்னொரு வேடிக்கை, அந்தக் காலத்து மணிக்கு நீளம் நிலையானதல்ல. கோடையில் பகல் நீளும்போது ஒவ்வொரு மணியும் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். எருசலேமில் ஜூன் மாதத்துப் 'பகல் மணி' ஒன்று நம் கணக்கில் 70 நிமிடத்துக்கும் மேல், டிசம்பரில் 50 நிமிடம்தான். கோடையில் கூலிக்காரன் பாடு திண்டாட்டம்.

தமிழில் வேதாகமத்தை ஆக்கியவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்தே இருந்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் ஓர் இடம். சீடர்கள் குடித்திருக்கிறார்கள் என்று கூட்டத்தில் சிலர் பரிகாசம் செய்ய, பேதுரு எழுந்து, இவர்கள் வெறிகொண்டவர்களல்ல, 'பொழுதுவிடிந்து மூன்றாம்மணி வேளையாயிருக்கிறதே' என்கிறார். அந்தப் 'பொழுதுவிடிந்து' இல்லாவிட்டால் நம் ஊர் வாசகர் பிற்பகல் 3 மணி என்று எடுத்துக்கொண்டு, 'மூணு மணிக்குக் குடிக்கமாட்டானா என்ன' என்று கேட்டிருப்பார். மத்தேயுவின் திராட்சத் தோட்டத்தில் அந்த முன்னொட்டு இல்லை. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் இரவு 11 மணிக்குப் போய் விழுகிறோம்.

இந்தப் பழைய மணிக்கணக்கு ஐரோப்பிய மொழிகளில் வேறு இடங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுப்பகலுக்கு ஆங்கிலத்தில் 'நூன்' என்கிறோமே, அது லத்தீனில் 'ஒன்பதாம் மணி' என்ற சொல்லிலிருந்து வந்தது. பிற்பகல் 3 மணியைக் குறித்த சொல், நாளடைவில் முன்னால் நகர்ந்து 12 மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்பானியர்களின் மதியத் தூக்கமான 'சியெஸ்தா', ஆறாம் மணி. இந்த இரண்டிலும் எண் மறைந்துபோய்விட்டது, யாரையும் ஏமாற்றாது. 'இலெவன்த் அவர்' மட்டும்தான் எண்ணை வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது. கைக்கடிகாரத்திலும் 11-க்கு அடுத்தது 12, அதோடு சுற்று முடிந்தது. அதனால் ஆங்கிலேயர்களிலேயே பலர், நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்பு என்றுதான் இதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பான கடிகாரத்தில் பார்த்தும் சரியான பொருள் கிடைத்துவிடுகிறது. இந்தத் தொடர் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்தத் தற்செயலும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

அண்ணாச்சி டீ குடித்துவிட்டு வந்து காட்டிய ஒரு வரியைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி ஆட்களைப் பார்த்துத் தோட்டத்துக்காரர், பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன என்று கேட்கிறார். அதற்கு அவர்கள் சொல்லும் பதில்: 'ஒருவரும் எங்களை வேலைக்கு அமர்த்தவில்லை.'

அவர்கள் தூங்கிவிட்டு வந்தவர்கள் அல்ல, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களும் அல்ல. காலையிலிருந்தே தயாராக நின்றவர்கள். கூப்பிடத்தான் ஆளில்லை. நம் ஊர்களில் காலை ஏழு மணிக்குச் சில முச்சந்திகளில் கொத்தனாரும் சித்தாளும் தூக்குச்சட்டியோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேஸ்திரி வண்டியை நிறுத்தினால் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்வார்கள். திடகாத்திரமானவர்கள் முதலில் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மிஞ்சி நிற்பவர்கள் வயசாளிகள், புதிதாக ஊருக்கு வந்தவர்கள். சட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்புவார்கள். அந்தத் திராட்சத் தோட்டத்துக் கதையில் மாலை 5 மணி வரை நின்றவர்கள் இந்த ஆட்கள்தான்.

ஆக, பிறந்த இடத்தில் இந்தத் தொடருக்குள் பழி இல்லை. பிந்தி வந்தவனுக்கும் பங்குண்டு என்கிற ஆறுதல்தான் இருந்தது. கிறிஸ்தவ உலகம் பல நூற்றாண்டுகள் அப்படித்தான் அதைப் புழங்கியது. கிழக்கு மரபுவழித் திருச்சபைகளில் ஈஸ்டர் இரவில் இன்றும் வாசிக்கப்படும், பழைய காலத்து ஆயர் கிறிசோஸ்தோமின் அருளுரையில், பதினோராம் மணிக்கு வந்தவனும் தாமதத்தை எண்ணி அஞ்ச வேண்டாம் என்று வருகிறது. சாகும் தறுவாயில் மனந்திரும்புகிறவனைப் பதினோராம் மணிக்காரன் என்றார்கள். திருநெல்வேலிச் சீமையில் கோயிலுக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு 'இது பதினோராம் மணி வேளை' என்ற பிரசங்க வாக்கியம் காதில் பழகியதுதான்.

ஆங்கிலத்தில் வில்லியம் திண்டேலின் 1526 வேதாகம மொழிபெயர்ப்பிலும், பிறகு 1611-இன் கிங் ஜேம்ஸ் பதிப்பிலும் இந்தச் சொற்கள் அப்படியே இருக்கின்றன. பிற்காலத்தில் மெல்ல மெல்லக் கோயிலை விட்டு வெளியேறி, நாடாளுமன்றம், நீதிமன்றம், பத்திரிகை என்று குடிபுகுந்தபோது ஆறுதல் உதிர்ந்துபோய்ப் பரபரப்பு மட்டும் மிஞ்சியது. உங்கள் மேலாளர் எழுதியதில் அதற்கும் ஒருபடி மேலே போய், 'சோம்பேறித்தனம் பண்ணாதே' என்ற குத்தலும் சேர்ந்துவிட்டது. இந்திய அலுவலக ஆங்கிலத்தில் இந்தக் குத்தல் கொஞ்சம் கூடுதல். கட்டணம் கட்டச் சொல்லும் சுற்றறிக்கைகளில் 'இலெவன்த் அவர் ரஷ்' என்று எழுதுவார்கள். 'கடைசி நேர நெரிசல்'.

இனி 'நிக் ஆஃப் டைம்'. 'நிக்' என்றால் கத்தி நுனியால் போட்ட சிறு வெட்டு, கீறல். நேரம் என்ற கோட்டின்மேல் ஒரே ஒரு வெட்டு, அந்த வெட்டில் சரியாகப் போய் விழுவது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கேள்வியில் பிரித்துவிடலாம்: காரியம் நடந்ததா? 'நிக் ஆஃப் டைம்' என்று சொன்னால் காரியம் நடந்துவிட்டது, ஆபத்து விலகிவிட்டது, ஆள் பிழைத்துவிட்டான் என்று பொருள். தோற்றுப்போன எதையும் அப்படிச் சொல்ல முடியாது. 'இலெவன்த் அவர்' வெற்றிக்கு உத்தரவாதம் தருவதில்லை. கெடு நெருங்கிவிட்டது என்று மட்டும் சொல்கிறது.

2015 ஜூலை 30 அதிகாலையில் உச்ச நீதிமன்றம், மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் மரண தண்டனை பெற்ற யாகூப் மேமன் தரப்பின் கடைசி மனுவை விசாரித்தது. விசாரணை தொடங்கும்போது மணி 3-ஐத் தாண்டியிருந்தது. நீதிபதிகள் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அன்று காலை ஏழு மணிக்கு முன்பே நாக்பூர் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதை 'இலெவன்த் அவர்' மனு என்று எழுதலாம். 'நிக் ஆஃப் டைம்' என்று எழுதினால் அர்த்தமே தலைகீழாகிவிடும். 2011-இல் அமெரிக்க அரசின் கடன் வரம்பை உயர்த்தும் சட்டம், கெடு நாளாகச் சொல்லப்பட்ட ஆகஸ்ட் 2 அன்றுதான் ஒபாமாவின் கையெழுத்தைப் பெற்றது. அங்கே இரண்டும் பொருந்தும்.

1849 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணிவகுப்பு மைதானத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கிக்கு அப்போது 28 வயது. அரசுக்கு எதிரான கூட்டத்தில் இருந்தார் என்று மரண தண்டனை. கைதிகளை மூன்று மூன்று பேராகச் சுட ஏற்பாடு. முதல் மூன்று பேரைக் கம்பத்தில் கட்டியாயிற்று. தஸ்தயேவ்ஸ்கி அடுத்த மூவரில் ஒருவர். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்த நிலையில், ஜார் மன்னரின் மன்னிப்பு வந்து சேர்ந்தது. தண்டனை சைபீரியாவில் நான்கு ஆண்டு கடும் உழைப்பாகக் குறைந்தது. ஆங்கிலத்தில் இதை 'இலெவன்த் அவர் ரிப்ரீவ்', அதாவது கடைசி நேரத்தில் கிடைத்த உயிர்ப்பிச்சை, என்று எழுதுவார்கள். ஆனால் மன்னிப்பு முன்பே முடிவானது. கைதிகளை நடுங்கவைக்கவே நிக்கோலஸ் மன்னர் அதைக் கடைசி நொடி வரை வெளியிடாமல் வைத்திருந்தார். பார்க்கிறவர்களுக்குப் பதினோராம் மணி, மன்னருக்கு அது ஒத்திகை பார்த்த நாடகம்.

நடுவில் ஓர் எச்சரிக்கை. முதல் உலகப்போர் 1918-இல் பதினோராம் மாதம், பதினோராம் நாள், பதினோராம் மணிக்கு ஓய்ந்தது என்பார்கள். அந்தப் பதினோராம் மணி நிசமாகவே கடிகாரத்து 11 மணிதான், காலை 11. மரபுத்தொடராக எடுத்துக்கொண்டு 'போர் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது, என் பிழையின் மறுபக்கம் அது. பிரான்சில் காம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் காலை 5 மணி தாண்டியதும் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அமலுக்கு வந்தது 11 மணிக்கு. இடைப்பட்ட நேரத்திலும் சண்டை நடந்தது. ஹென்றி கந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10:59-க்குச் சுடப்பட்டு இறந்தார்.

மரபுத்தொடர் அகராதிகள் எழுதாத ஒரு கிளைக்கதையும் இந்தத் திராட்சத் தோட்டத்துக்கு உண்டு. விடியலில் வந்தவன் முணுமுணுக்கும்போது தோட்டத்துக்காரர், 'உனக்குக் கொடுத்ததுபோல இந்தப் பிந்தினவனுக்கும் கொடுப்பது என்னுடைய இஷ்டம்' என்கிறார். இதன் ஆங்கில வரியிலிருந்து மூன்று சொற்களை எடுத்து, 'அன்டு திஸ் லாஸ்ட்' என்று தன் பொருளாதாரக் கட்டுரைகளுக்கு ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் தலைப்பிட்டார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில், வழிக்குப் படிக்க என்று நண்பர் ஹென்றி போலக் அந்த நூலைக் காந்தியின் கையில் கொடுத்தார். டர்பனுக்கு 24 மணி நேரப் பயணம். எடுத்தவர் கீழே வைக்கவில்லை, அன்றிரவு தூங்கவும் இல்லை. அதே ஆண்டில் டர்பன் அருகே 100 ஏக்கர் நிலத்தில் ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கி, 'இந்தியன் ஒப்பினியன்' இதழின் அச்சகத்தை அங்கே கொண்டுபோனார். அப்போது அந்த இதழ் வெளிவந்துகொண்டிருந்த நான்கு மொழிகளில் தமிழும் ஒன்று. அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும், நிறம் நாடு பாராமல், மாதம் 3 பவுன் கூலி என்பது திட்டம். திராட்சத் தோட்டத்துக் கணக்கேதான்! ரஸ்கினின் நூலைக் காந்தி 1908-இல் குஜராத்தியில் சுருக்கி எழுதியபோது வைத்த பெயர் 'சர்வோதயம்'. நம் ஊர் சர்வோதயக் கடையில் தேன் பாட்டில் வாங்கும்போது இதெல்லாம் யாருக்கு நினைவுக்கு வருகிறது!

சரி, தமிழுக்கு வருவோம். 'பதினோராவது மணி நேரத்தில்' என்று எழுதாதீர்கள். இப்போது இணையச் செய்திகளில் அது தலைகாட்டுகிறது. நமக்கு அது வெறும் மணி, வாசகர் உடனே காலையா இரவா என்று கேட்பார். வேதாகமம் தெரிந்தவருக்கோ அது வேறு ஓர் ஊருக்கு வழிகாட்டும். பெரும்பாலான இடங்களில் 'கடைசி நேரத்தில்' என்பதே போதும். ஒப்பந்தம், பேச்சுவார்த்தை என்றால் 'கெடு முடியும் தறுவாயில்' நன்றாக இருக்கும். 'டெட்லைன்' என்று நாக்கைச் சுளுக்கிக்கொள்கிற எல்லாருக்கும் 'கெடு' என்ற இரண்டெழுத்துச் சொல் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. குறை சொல்கிற தொனி வேண்டுமானால் தமிழில் பஞ்சமே இல்லை. எங்கள் வீட்டில் அம்மா சொல்வது, 'உலை கொதிக்கும்போதுதான் இவன் அரிசி வாங்கக் கிளம்புவான்.' உங்கள் மேலாளர் தமிழில் மின்னஞ்சல் எழுதுகிறவராக இருந்தால் இதைத்தான் எழுதியிருப்பார். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' இங்கே பொருந்தாது. அது கெடு கடந்துபோன பிறகு. பதினோராம் மணியில் இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் பாக்கி இருக்கிறது.

'நிக் ஆஃப் டைம்'-க்கு 'நல்ல வேளை, சரியான நேரத்துக்கு வந்தீங்க' என்று நாம் வாய்நிறையச் சொல்கிறோமே, அந்த 'நல்ல வேளை'யில் பாதிப் பொருள் வந்துவிடுகிறது. 'மயிரிழையில் தப்பினான்' என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் அது நூலளவு இடைவெளியைச் சொல்வது. லாரி உரசிக்கொண்டு போனால் மயிரிழை. ரத்தம் தேவைப்படும் நேரத்தில் கொடையாளர் வந்து நின்றால் 'நல்ல வேளை'.

ஆங்கிலத்தில் நீங்கள் எழுதும்போது இரண்டு விஷயம். 'இலெவன்த் அவர்' என்பதற்கு முன்னால் 'அட் தி' வரும், 'இன் தி' வராது. 'நிக்' மட்டும்தான் 'இன் தி' கேட்கும், இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் 'இலெவன்த்' என்பதற்கும் 'அவர்' என்பதற்கும் நடுவே ஓர் இணைப்புக்கோடு. பிறகு, சில்லறை விஷயத்துக்கு இதைப் பயன்படுத்தினால் சிரிப்பார்கள். பஸ் கிளம்பும்போது ஓடி ஏறியதற்கெல்லாம் 'லாஸ்ட் மினிட்' போதும். முன்கூட்டியே குறித்த கெடு ஒன்று இருக்க வேண்டும், அதைத் தவறவிட்டால் பெரிதாக ஏதாவது போக வேண்டும். அப்போதுதான் இந்தத் தொடருக்கு எடை.

மேலாளருக்குப் பதில் எழுத வேண்டுமென்றால், வியாழக்கிழமை மாலைக்குள் முதல் வரைவு வந்துவிடும் என்று நாளைச் சொல்லி எழுதுங்கள். தாமதம் உங்களால் அல்ல, வேறு பிரிவிலிருந்து தகவல் வராததால் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். 'ஒருவரும் எங்களை வேலைக்கு அமர்த்தவில்லை' என்று சொல்ல அந்தக் கூலியாட்களுக்கு இருந்த உரிமை உங்களுக்கும் உண்டு.